கலிகாரி வீதியிலிருந்து நியூரம்பெர்க் வரை: ஒன்பது நாள் குறிப்புகள்

அக்டோபர் 2, புதன் – பெர்லின்

மழையில்தான் வந்து இறங்கினேன். சென்னையில் விமானம் ஏறும்போது முப்பத்துநாலு டிகிரி, இங்கே பதினொன்று. அக்கா மகன் இரண்டு வருஷமாக இந்த ஊரில் படிக்கிறான், அவன் அறையில்தான் தங்கல். ரசமும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்து வைத்திருந்தான். அந்தக் குளிரில் மிளகு ரசம் இறங்கிய சுகத்தை எழுத்தில் சொல்ல முடியாது.

"சித்தி, எல்லாரும் இங்க சுவர் பார்க்க வருவாங்க, நீங்க என்ன பார்க்கப் போறீங்க?" என்றான். பழைய சினிமா என்றேன். "அது யூட்யூப்லயே இருக்கே" என்றான். உண்மைதான். ஆனால் இருபது வருஷத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு ஃபிலிம் சொசைட்டித் திரையிடலில் 'டாக்டர் கலிகாரி' என்ற ஜெர்மன் ஊமைப்படம் பார்த்ததிலிருந்து அந்தக் கோணல் வீடுகளும், வளைந்த சன்னல்களும், தூக்கத்தில் நடந்துபோய்க் கொலை செய்யும் அந்தக் கறுப்பு உடை இளைஞனும் என் தலைக்குள்ளேயே குடியிருக்கிறார்கள். அவர்களுடைய ஊரைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

சாயங்காலம் மழை விட்டதும் கூர்ஃபுர்ஸ்டென்டாம் போனோம், பெர்லினின் பெரிய கடைவீதி. அங்கே 236ஆம் எண் கட்டடம்தான் மார்மோர்ஹவுஸ், சலவைக்கல் முகப்பு. 1913இல் திறந்த சினிமாக் கொட்டகை. 1920 பிப்ரவரி 26ஆம் தேதி கலிகாரி முதன்முதலில் ஓடியது இங்கேதான். அதற்கு முன்னால் சில வாரங்கள் ஊர் முழுக்க 'நீ கலிகாரி ஆக வேண்டும்' என்று மட்டும் போட்ட விளம்பரத்தாள்களை ஒட்டியிருக்கிறார்கள். என்ன ஏது என்று தெரியாமல் ஜனங்கள் தவித்திருப்பார்கள். இப்போது அங்கே சினிமா கிடையாது. கீழே துணி வியாபாரம். விற்பனைப் பெண்ணிடம் இங்கே ஒரு காலத்தில் சினிமா இருந்தது தெரியுமா என்று கேட்டேன், தெரியாது என்றாள், ஆனால் வேலையை விட்டுவிட்டு என்னோடு வெளியே வந்து அண்ணாந்து முகப்பைப் பார்த்தாள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் மிருகக்காட்சிசாலை ரயில் நிலையம், அதற்குப் பக்கத்தில் ஸூ பாலஸ்ட் தியேட்டர். இது 1957இல் கட்டியது. இதே இடத்தில்தான் முன்பு ஊஃபா பாலஸ்ட் இருந்தது, 1943 குண்டுவீச்சில் போய்விட்டது. அந்தக் கொட்டகையில் 1927 ஜனவரி 10 அன்று ஃப்ரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபோலிஸ்' வெளியானது. 1935 மார்ச் 28 அன்று நாஜிக் கட்சி மாநாட்டைப் பற்றி லெனி ரீஃபென்ஸ்டால் எடுத்த 'மனவுறுதியின் வெற்றி' வெளியானது, அதுவும் அங்கேயேதான். எட்டே வருஷம். தனித்தனியாக இரண்டு தேதியும் எனக்கு முன்பே தெரியும். ஒரே வாசல் என்பது அந்த நடைபாதையில் நிற்கும்போதுதான் உறைத்தது.

கறி வுர்ஸ்ட் நாலரை யூரோ. தக்காளிச் சாற்றின்மேல் கறிப்பொடி தூவிய தொத்திறைச்சி. சூடாக இருந்தது, அது போதும்.

அக்டோபர் 3, வியாழன் – வைசன்சே

இன்று ஜெர்மனி ஒன்றிணைந்த நாள், தேசிய விடுமுறை. எங்கள் இரண்டு பேருக்குமே இது மறந்துவிட்டது. பால், ரொட்டி எதுவும் வாங்கி வைக்கவில்லை, ஊரில் ஒரு மளிகைக் கடை திறக்கவில்லை. வெறும் கறுப்புக் காப்பியோடு டிராம் ஏறினோம்.

வைசன்சே பெர்லினின் வடகிழக்கு. முதல் உலகப்போர் சமயத்தில் இந்தப் பகுதியில் வரிசையாகப் படப்பிடிப்பு நிலையங்கள் இருந்தன. கலிகாரியை எடுத்தது இங்கே லிக்ஸி என்ற நிலையத்தில். அது இன்று இல்லை. ஆனால் பக்கத்தில் ஒரு சதுக்கத்துக்குக் கலிகாரி பிளாட்ஸ் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், அங்கே பழைய ரொட்டித் தொழிற்சாலை ஒன்றில் சின்ன சினிமாவும் நடக்கிறது. பெயர்ப்பலகையைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. ஒரு படத்தில் வரும் பித்துப்பிடித்த டாக்டரின் பெயரைத் தெருவுக்கு வைத்த ஊர்.

அந்தப் படத்தில் எனக்கு இன்றும் தீராத ஆச்சரியம், நிழல்கள். சாதாரணமாக நிழல் என்பது விளக்கிலிருந்து வரும். இதில் தரையிலும் சுவரிலும் வெளிச்சத்தையும் நிழலையும் தூரிகையால் தீட்டிவிட்டார்கள். ஹெர்மன் வார்ம், வால்டர் ரைமன், வால்டர் ரோரிக் என்று மூன்று ஓவியர்கள். இயக்குநர் ராபர்ட் வீனெ. போரில் தோற்று, காசும் இல்லாமல், சோறும் சரியாக இல்லாமல் இருந்த நாட்டில் துணியும் காகிதமும் சாயமும் வைத்துக்கொண்டு, நடிகர்களின் உடம்பையும் அந்தக் கோணலுக்குத் தகுந்தபடி வளைத்து, அப்படி ஒரு உலகத்தைக் கட்டியிருக்கிறார்கள். அடுத்த நூறு வருஷத்துப் பேய்ப் படங்கள் அந்தக் காகித உலகத்துக்குக் கடன்பட்டவை.

கலிகாரியாக நடித்தவர் வெர்னர் க்ராவுஸ். தூக்கத்தில் நடக்கும் சேஸாராக நடித்தவர் கான்ராட் ஃபைட். இந்த இரண்டு பெயரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், செவ்வாய்க்கிழமை குறிப்பில் மறுபடியும் வருவார்கள்.

கலிகாரியிலேயே ஹிட்லர் வரப்போவது தெரிந்தது என்று ஒரு பேச்சு வெகுகாலமாக இருக்கிறது. எனக்கு அது ஒப்பவில்லை. நடந்து முடிந்த பிறகு பின்னாலிருந்து பார்த்தால் எல்லாமே முன்னறிவிப்பாகத்தான் தெரியும். என் கவலை வேறு. கையில் அவ்வளவு திறமை வைத்திருந்தவர்கள் 1933க்குப் பிறகு என்ன செய்தார்கள், அது.

சதுக்கத்தை விட்டுத் திரும்பும்போது வண்டியே இல்லாத வீதியில் சிவப்பு விளக்கில் கடக்கப் போனோம். எதிர்ப்பக்கம் நின்ற பாட்டி ஒருத்தி கையை நீட்டித் தடுத்துவிட்டாள். பக்கத்தில் நின்ற சின்னப் பையனைக் காட்டினாள். குழந்தை பார்க்கிறான், செய்யாதே என்று அர்த்தம். பச்சை விழுந்ததும் சிரித்தபடி கையாட்டிவிட்டுப் போனாள். மூன்று மணிக்கு ஒரு துருக்கிக்காரர் கடை திறந்திருந்தது. டோனர் ரொட்டி ஏழு யூரோ, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அவராகவே ஆளுக்கொரு தேநீர் கொடுத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை.

அக்டோபர் 4, வெள்ளி – போட்ஸ்டாமர் பிளாட்ஸ்

திரைப்பட அருங்காட்சியகம். 2024 அக்டோபர் கடைசியோடு இந்தக் கட்டடத்தை விட்டு வேறிடம் போகிறார்களாம், நல்லவேளை வந்துவிட்டேன். உள்ளே நுழைந்ததும் ஒரு கண்ணாடி அறை, நாலாபுறமும் பிம்பங்கள். அப்புறம் அறை அறையாகக் காலம் நகர்கிறது. நாலரை மணி நேரம் இருந்தேன், கால் வீங்கிவிட்டது.

நாஜிக் காலத்து அறைதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. சுவரில் எதையும் பகட்டாகத் தொங்கவிடவில்லை. உலோகச் சுவரில் இழுப்பறைகள். பார்க்க வேண்டும் என்றால் நாமே இழுத்துத் திறக்க வேண்டும். பிணவறை ஞாபகம் வந்தது. என் பக்கத்தில் ஒரு நடுவயதுக்காரர் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துவிட்டு, சத்தம் வராமல் மெதுவாக மூடிக்கொண்டே போனார்.

கணக்கு எப்படி நடந்தது என்று பாருங்கள். 1933 மார்ச் 28 அன்று ஹிட்லரின் பிரச்சார அமைச்சன் கோயபல்ஸ் கைசர்ஹோஃப் ஹோட்டலில் சினிமாக்காரர்களைக் கூட்டிப் பேசினான். தனக்குப் பிடித்த முன்மாதிரிப் படங்கள் என்று சொன்னவற்றில் சோவியத் படமான 'போட்டெம்கின் போர்க்கப்பல்' இருந்தது, ஃப்ரிட்ஸ் லாங்கின் 'நீபெலுங்கென்' இருந்தது. எதிரியின் படமாக இருந்தாலும் அதன் வலு அவனுக்குத் தெரிந்திருக்கிறது. மறுநாளே ஊஃபா என்ற பெரிய திரைப்பட நிறுவனத்தின் நிர்வாகக் குழு கூடி யூத ஊழியர்களை வேலையிலிருந்து அனுப்ப முடிவெடுத்தது. ஒரே ஒரு நாள் இடைவெளி. அதற்கென்று ஒரு சட்டம் வருவதற்குக்கூட அவர்கள் காத்திருக்கவில்லை.

ஊஃபாவைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். கலை வளர்க்கத் தொடங்கிய கம்பெனி அல்ல அது. 1917 டிசம்பரில், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, எதிரி நாடுகளின் பிரச்சாரத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று ராணுவத் தலைமை தூண்டிவிட்டு, வங்கிப் பணத்தோடு 25 மில்லியன் மார்க் மூலதனத்தில் தொடங்கியது. போர் தோற்றதும் அதே கம்பெனி கலைக்கூடம் ஆனது, அப்புறம் மறுபடி பிரச்சாரக்கூடம் ஆனது. ஆகவே 'நாஜிகளுக்கு முந்தைய வைமார் குடியரசின் அழகான சினிமா, பிறகு வந்து கெடுத்த நாஜிகள்' என்று நான் மனதில் போட்டு வைத்திருந்த கோடு அவ்வளவு நேராக இல்லை.

கர்ட் கெர்ரான் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். 1930இல் வந்த 'நீல தேவதை'யில் வித்தைக்காரராக வரும் அந்தப் பருத்த மனிதர். யூதர். நாட்டை விட்டு ஓடி, ஆம்ஸ்டர்டாமில் பிடிபட்டு, தெரேசியன்ஸ்டாட் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். அங்கே 1944இல் முகாம் வாழ்க்கை இன்பமாக இருக்கிறது என்று காட்டும் படத்தை இயக்கச் சொல்லி நாஜிகள் அவரைக் கட்டாயப்படுத்தினார்கள். எடுத்துக் கொடுத்தார். அந்த அக்டோபரிலேயே ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பிக் கொன்றுவிட்டார்கள். படத்தில் நடித்த குழந்தைகளில் பலரும் அங்கேயே போய்ச் சேர்ந்தார்கள்.

அதற்குப் பிறகு எதுவும் சாப்பிடப் பிடிக்கவில்லை. இரவு தயிர் சாதம்.

அக்டோபர் 5, சனி – விஸ்மார், நள்ளிரவில் பெர்லின்

பால்டிக் கடற்கரையில் இருக்கும் விஸ்மார் போய் வந்தேன். தனியாகத்தான். அப்போது, 2024இல், மாதம் 49 யூரோவுக்கு ஒரு சீட்டு இருந்தது, வட்டார ரயில் எல்லாவற்றுக்கும் செல்லும். போகும்போது எந்தச் சிக்கலும் இல்லை.

1921 கோடையில் இயக்குநர் முர்னாவ் தன் குழுவோடு இங்கே வந்து 'நொஸ்ஃபெராட்டு' என்ற பேய்ப் படத்துக்குக் காட்சிகள் எடுத்தார். எல்லாரும் அட்டைச் சுவருக்குள் படம் எடுத்த காலத்தில் இவர் காமிராவை வெளியே தூக்கிக்கொண்டு போனார், நிஜக் கடலுக்கும் நிஜ மலைக்கும். படத்தின் தொடக்கத்தில் மேலிருந்து ஒரு சந்தைச் சதுக்கம் தெரியும், அது விஸ்மாரின் சந்தைச் சதுக்கம். நடுவில் இருக்கும் குவிமாடம் போட்ட பழைய நீர்மண்டபம் அப்படியே இருக்கிறது. காட்சியை எடுத்தது மரியாள் தேவாலயக் கோபுரத்திலிருந்து. இன்று அந்தக் கோபுரம் மட்டும் தனியாக நிற்கிறது. போரின் கடைசி மாதத்தில் குண்டுபட்ட தேவாலயத்தின் உடல்பகுதியைக் கிழக்கு ஜெர்மனி அரசு 1960இல் வெடி வைத்துத் தகர்த்துவிட்டது. தரையில் அதன் எல்லைகள் மட்டும் தாழ்ந்த சுவராகத் தெரிகின்றன.

துறைமுகத்துப் பக்கம் நீர்வாசல் என்ற செங்கல் வாயில். பேய்ப் பிரபு தன் சவப்பெட்டியைத் தானே அணைத்துத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் வரும் வாயில் இதுதான். நான் அதன் அடியில் நின்றபோது ஒரு அம்மா தள்ளுவண்டியில் குழந்தையோடு போனாள், பின்னால் சைக்கிளில் ஒரு தாத்தா. நல்ல வெயில். வெயில் பட்டால் சாகும் பேய் வெயிலில் நடக்கலாமா என்று அந்தப் படத்தைப் பார்த்த யாருக்கும் தோன்றும். உண்மையில் படச்சுருளுக்கு நீலச் சாயம் ஏற்றி இரவாக்கியிருந்தார்கள். வெறும் கறுப்பு வெள்ளைப் பிரதிகள் சுற்றியபோது அந்த இரவு பகலாகிவிட்டது.

படமே பிழைத்தது அதிசயம். 'டிராகுலா' நாவலை அனுமதி வாங்காமல் எடுத்ததால் அதை எழுதியவரின் மனைவி வழக்குப் போட்டு, 1925இல் எல்லாப் பிரதிகளையும் அழிக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அதற்குள் வெளிநாட்டுக்குப் போய்விட்ட பிரதிகளால்தான் இன்று நமக்குப் படம் இருக்கிறது.

மதியம் துறைமுகத்தில் கட்டி நிறுத்தியிருந்த படகு ஒன்றில் மீன் ரொட்டி, ஐந்து யூரோ. ஊறவைத்த ஹெரிங் மீன், பச்சை வெங்காயம், கொஞ்சம் புளிப்பு. வேகவைக்காத மீனா என்று முதல் கடியில் தயங்கினேன், இரண்டாவது ரொட்டியும் வாங்கினேன். காற்று தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. படகுக்காரர் நீண்ட கொக்கிக் கம்பால் தண்ணீரிலிருந்து எடுத்துக் கொடுத்தார், ஒரு வார்த்தை பேசவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

திரும்பும்போதுதான் வினை. தண்டவாள வேலை என்று பாதி வழியில் இறக்கிப் பேருந்தில் ஏற்றினார்கள், பேருந்து தாமதம், அடுத்த ரயில் போய்விட்டது. ஒரு சின்னச் சந்திப்பு நிலையத்தில் ஒன்றேகால் மணி நேரம். நிழற்குடைக்குள் ஒரு வயதான தம்பதி. அந்த அம்மா ஃபிளாஸ்க் மூடியில் புதினாத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டாள். நொஸ்ஃபெராட்டு என்றதும் இரண்டு பேரும் விரல்களை நீட்டி நகம் போலக் காட்டிச் சிரித்தார்கள். நாற்பது வருஷம் விஸ்மார் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்தவராம் அவர்.

எனக்கோ நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது, ஏனென்றால் சனிக்கிழமை நள்ளிரவில் பெர்லின் பாபிலோன் தியேட்டரில் ஊமைப்படம் இலவசமாகப் போடுவார்கள். பதினொன்று ஐம்பதுக்கு ஓடிப்போய்ச் சேர்ந்தேன், அக்கா மகன் இடம் பிடித்து வைத்திருந்தான். 1929இல் ஹான்ஸ் போல்ட்சிக் கட்டிய கொட்டகை. அன்று வைத்த சினிமா ஆர்கன் அதே இடத்தில் இருந்து இன்னும் வாசிக்கப்படுகிறது. அன்று போட்ட படம் 'கோலெம்', 1920. களிமண் மனிதனின் கதை. அந்தப் படத்துக்காகப் பழைய பிராக் நகரத்து யூதர் தெருவை வடிவமைத்துக் கட்டியவரும் இதே போல்ட்சிக்தான். ஆக அவர் கட்டிய மண்டபத்துக்குள் உட்கார்ந்து, அவர் கட்டிய ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆர்கனின் அடிக்குரல் நாற்காலி வழியாக முதுகில் ஏறியது. யூட்யூப்பில் இருக்கிறதே என்று சொன்ன பையன் படம் முடியும்வரை ஒருமுறைகூட ஃபோனை எடுக்கவில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு – நிக்கோலாசே

தாமதமாக எழுந்தோம். உப்புமா. பிறகு எஸ்7 ரயிலில் ஏரிக்கரை. 1930இல் வெளியான 'ஞாயிற்றுக்கிழமை மக்கள்' படத்தில் நாலு இளைஞர்கள் இதே போல ரயிலேறி இதே நிக்கோலாசேயில் இறங்கிக் குளித்து, சாப்பிட்டு, சண்டை போட்டு, திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புவார்கள். கதை அவ்வளவுதான். நடித்தவர்கள் நடிகர்களே அல்ல, தாங்கள் நிஜத்தில் செய்த வேலையையே படத்திலும் செய்தார்கள். எடுத்தவர்கள் பட்டியலைப் பாருங்கள்: ராபர்ட் சியோட்மாக், எட்கர் உல்மர், பில்லி வைல்டர், ஃப்ரெட் ஜின்னமன், காமிரா ஆய்கன் ஷுஃப்டான். மெட்ரோபோலிஸில் கண்ணாடி வைத்துச் சின்ன மாதிரிக் கட்டடங்களுக்குள் நிஜ மனிதர்களை நடக்கவிட்ட அதே ஷுஃப்டான். முன்பின்னாக இவர்கள் எல்லாருமே அமெரிக்காவுக்குப் போய்விட்டார்கள். ஜெர்மனி இழந்ததுதான் பிறகு ஹாலிவுட் ஆனது.

ஏரித் தண்ணீர் பதினான்கு டிகிரிகூட இருக்காது, இரண்டு கிழவிகள் நீந்திக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும் வழியில் க்ரூனவால்டு நிலையத்தில் இறங்கினோம். அங்கே 17ஆம் நடைமேடை. 1941 அக்டோபரிலிருந்து பெர்லின் யூதர்களை ரயிலேற்றி அனுப்பிய இடம். நடைமேடை விளிம்பு நெடுக இரும்புத் தகடுகள், ஒவ்வொன்றிலும் தேதி, எத்தனை பேர், எந்த ஊருக்கு. தண்டவாளத்துக்கு நடுவில் மரங்கள் வளர்ந்துவிட்டன. அந்தப் படத்து இளைஞர்கள் சிரித்துக்கொண்டே போன அதே பாதை. காப்பி வேண்டுமா என்று அவன் கேட்டான், வேண்டாம் என்றேன், பேசாமல் வீட்டுக்கு வந்தோம்.

அக்டோபர் 7, திங்கள் – போட்ஸ்டாம், ஸ்டான்ஸ்டார்ஃப்

போட்ஸ்டாம் திரைப்பட அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. வாசல்வரை போய்த்தான் தெரிந்தது. தூறல் வேறு. கழிப்பறைக்கு ஒரு யூரோ, காப்பிக்கு மூன்று எண்பது, அந்தக் காப்பிக் கடையில் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்த்தபோது முர்னாவின் கல்லறை பக்கம்தான் என்று தெரிந்தது.

ஸ்டான்ஸ்டார்ஃபின் தென்மேற்குக் கல்லறைத் தோட்டம் ஒரு காடு. நிஜமாகவே காடு. நார்வே பாணியில் மரத்தாலான தேவாலயம், ஊசியிலை மரங்கள், ஈரப் பாசி, வழியெல்லாம் காளான். முர்னாவ் 1931 மார்ச்சில் கலிபோர்னியாவில் கார் விபத்தில் போனபோது வயது 42. உடலை இங்கே கொண்டுவந்து வைத்தார்கள், இறுதிச் சடங்கில் ஃப்ரிட்ஸ் லாங் பேசினார். 2015இல் யாரோ கல்லறை அறையை உடைத்து அவர் தலையைத் திருடிக்கொண்டு போய்விட்டார்கள். பேய்ப் படம் எடுத்தவர் என்பதற்காக ஒரு மனிதனை இப்படிச் செய்வதா? எனக்கு மனசு ஆறவில்லை. வழியில் விழுந்து கிடந்த செஸ்ட்நட் காயொன்றை எடுத்து அங்கே வைத்துவிட்டு வந்தேன்.

ஒரு தோட்டக்காரர் இலை வாரிக்கொண்டிருந்தார். நான் கேட்காமலேயே கையால் வழி காட்டினார். இந்தப் பக்கம் வருகிறவர்கள் யாரைத் தேடி வருகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அக்டோபர் 8, செவ்வாய் – போட்ஸ்டாம், பெர்லின்

காலையில் மறுபடி போட்ஸ்டாம். இன்று திறந்திருந்தது. அரச குடும்பத்தின் பழைய குதிரை லாயம்தான் அருங்காட்சியகம். பக்கத்துப் பாபெல்ஸ்பெர்க்கில் 1912இல் முதல் படம் எடுத்ததிலிருந்து முழுக்கதையும் இருக்கிறது. மெட்ரோபோலிஸுக்கு அங்கே ஒன்றரை வருஷம் படப்பிடிப்பு, கிட்டத்தட்ட ஐந்து மில்லியன் மார்க் செலவு, கம்பெனியே ஆட்டம் கண்டது. வெளியானதும் வெட்டினார்கள். வெட்டுப்பட்ட பகுதி போனது போனதுதான் என்று எல்லாரும் கைவிட்ட பிறகு 2008இல் புவெனஸ் ஐரிஸில் ஒரு தேய்ந்த 16 மில்லிமீட்டர் பிரதி கிடைத்தது.

என் மனம் போனது லோட்டே ரைனிகர் பக்கம். கறுப்புக் காகிதத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி, நம் தோல்பாவைக் கூத்து மாதிரி மூட்டு மூட்டாக இணைத்து, ஒவ்வொரு சட்டகமாக நகர்த்தி, 1923லிருந்து 1926வரை இந்தப் போட்ஸ்டாமில் ஒரு வங்கிக்காரரின் கார் கொட்டகைக்கு மேலே இருந்த அறையில் உட்கார்ந்து 'இளவரசர் அக்மத்' எடுத்தார். இன்று மிஞ்சியிருக்கும் முழுநீள அனிமேஷன் படங்களில் பழமையானது அதுதான். அதில் பின்னணியில் புகையும் நெருப்பும் மாயமாக அலைவது வால்டர் ரூட்மனின் வேலை. அந்த ரூட்மன் 1927இல் பெர்லினைப் பற்றி ஒரு சிம்ஃபொனி போன்ற படம் எடுத்தவர். அதே ரூட்மன்தான் 1934இல் ரீஃபென்ஸ்டாலின் மாநாட்டுப் படத்துக்கு முன்னுரைப் பகுதி தயாரிக்கப் போனவர், கடைசியில் அவர் பகுதியை அந்த அம்மா சேர்க்கவில்லை. அப்புறம் ஆட்சிக்காகவே படம் எடுத்து 1941இல் செத்துப்போனார். ரைனிகரோ நாட்டை விட்டுப் போனார். ஒரே மேஜையில் வேலை செய்த இரண்டு பேர்.

சாயங்காலம் 'யூதன் சூஸ்'. 1940இல் வைட் ஹார்லன் எடுத்த யூத வெறுப்புப் படம். இந்த மாதிரி சுமார் நாற்பது நாஜிக் காலப் படங்களை இங்கே சும்மா திரையிட முடியாது. விஷயம் தெரிந்தவர் ஒருவர் முன்னுரை சொல்ல வேண்டும், முடிந்ததும் கலந்துரையாடல் நடக்க வேண்டும். இவற்றைப் பாதுகாக்கும் அறக்கட்டளை வீஸ்பாடனில் இருக்கிறது, அதன் பெயரே முர்னாவ் அறக்கட்டளை. சின்ன அரங்கு, ஐம்பது பேர் இருக்கலாம், ஐந்து யூரோ.

எனக்கு ஜெர்மன் பாதிக்கு மேல் புரியாது, அடியில் எழுத்தும் இல்லை. மோசமான, கூச்சல் போடும் படமாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். இல்லை. நன்றாக எடுத்த படம். மேஜையில் கொட்டும் நாணயங்கள் அப்படியே கரைந்து மேடையில் ஆடும் பெண்களாக மாறும் ஓர் இடம், பார்த்தவுடன் 'அடடா' என்றது மனசு. கதாநாயகி ஆற்றில் பிணமாகக் கிடைத்தபோது என் தொண்டை அடைத்தது. வசனம் புரியாததால் படம் என்னை எங்கே இழுக்கிறது என்பது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. கடைசியில் பனி கொட்ட, இரும்புக் கூண்டில் வைத்து அந்த சூஸைத் தூக்கில் போடும்போது, அரைக் கணம், அரைக் கணம்தான், நான் அந்தக் கூட்டத்தின் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். உடம்பு சில்லிட்டுவிட்டது.

அந்தப் படத்தில் பல யூதப் பாத்திரங்களை ஒரே ஆள் மாற்றி மாற்றிக் கேலிச்சித்திரமாக நடிக்கிறார். அவர் வெர்னர் க்ராவுஸ். கலிகாரி. அதே கண், அதே குனிந்த தோள், அதே உடல் வளைக்கும் வித்தை. வியாழக்கிழமை நான் வைசன்சேயில் கண் கலங்கி நின்றேனே, அந்த வித்தை.

கான்ராட் ஃபைட் என்ன செய்தார்? அவர் மனைவி யூதர். அரசாங்கப் படிவத்தில் தானும் யூதன் என்றே எழுதிவிட்டு 1933இல் இங்கிலாந்து போனார். 1934இல் அங்கே இதே சூஸ் கதையைப் படமாக்கினார்கள், ஆனால் யூதர்கள் மேல் பரிவோடு. சூஸாக நடித்தவர் ஃபைட். பிறகு ஹாலிவுட்டில் நாஜி அதிகாரி வேடங்களில் நடித்து 1943இல் இறந்தார். கலிகாரியும் சேஸாரும் ஒரே கதையின் இரண்டு படங்களில், இரண்டு கரையில்.

கலந்துரையாடல் ஒரு மணி நேரம் போனது. முன்னுரை சொன்ன பெண்மணி எண்களைச் சொன்னார். சுமார் இரண்டு கோடிப் பேர் இதைப் பார்த்திருக்கிறார்கள், எஸ்.எஸ். என்ற நாஜிப் படையினர், போலீஸ்காரர்கள் எல்லாரும் பார்க்க வேண்டும் என்று அவர்களின் தலைவன் ஹிம்லர் உத்தரவே போட்டான். போருக்குப் பிறகு ஹார்லன் மேல் மனிதகுல விரோதக் குற்ற வழக்கு நடந்து விடுதலை ஆனார். ஒரு இளைஞன் "இப்போதும் காட்ட வேண்டுமா?" என்று கேட்டான். முன் வரிசையில் கைத்தடியோடு இருந்த அம்மா எழுந்து ஏதோ மெதுவாகச் சொன்னார், அரங்கம் அமைதியானது. அக்கா மகன் காதில் சொன்னான்: "இவங்க அப்பா இந்தப் படம் நல்லா இருந்ததுன்னு சாகிற வரைக்கும் சொன்னாராம், சித்தி. ஏன்னு தெரிஞ்சுக்க வந்தாங்களாம்."

அக்டோபர் 9, புதன் – நியூரம்பெர்க் போகும் வழி

ரயில் எண்பது நிமிஷம் தாமதம். பெட்டி மாற்றிப் போட்டதில் முன்பதிவு இருக்கையும் இல்லை, கதவோரம் பையின்மேல் உட்கார்ந்து போனோம். நியூரம்பெர்க்கில் இரவு சின்னச் சின்னத் தொத்திறைச்சி மூன்று வைத்த ரொட்டி, நாலரை யூரோ. கடுகு தூக்கலாக இருந்தது. படிப்புத் தொடங்க ஒரு வாரம் இருக்கிறது என்று பையனும் கூட வந்துவிட்டான். அவனை நான் கூப்பிடவில்லை.

அக்டோபர் 10, வியாழன் – நியூரம்பெர்க்

விடிந்ததும் மூடுபனி. ஏரியில் வாத்துகள். கரையில் ரோமாபுரி ஆம்பிதியேட்டர் மாதிரி ஒரு பெருங்கட்டடம், கட்டி முடியாமலேயே நின்றுபோன நாஜிக் கட்சி மாநாட்டு மண்டபம். அதன் ஒரு மூலையைக் குத்திக் கிழித்துக்கொண்டு போகும் கண்ணாடி, எஃகு வழி ஒன்றை 2001இல் ஆவண மையத்துக்காகப் போட்டிருக்கிறார்கள்.

நாங்கள் முதலில் போனது லூயிட்போல்ட்ஹைன். பூங்கா. புல்வெளி, நாயோடு நடப்பவர்கள், ஓட்டக்காரர்கள். 'மனவுறுதியின் வெற்றி'யில் ஹிட்லரும் கூட இரண்டு ஆட்களும் மட்டும், இரண்டு பக்கமும் லட்சம் பேர் சதுரம் சதுரமாக நிற்க, நடுவில் அகலப் பாதையில் நடந்துபோவார்களே, அந்த இடம் இது. அவர்கள் போய் நின்ற நினைவு மண்டபம் இன்னும் இருக்கிறது. அது முதல் உலகப்போரில் இறந்தவர்களுக்காக நாஜிகளுக்கு முன்பே கட்டியது. அந்தக் காட்சியை மேலேயிருந்து எடுக்கக் கொடிக்கம்பத்தில் ஒரு மின்தூக்கி கட்டி, காமிராக்காரரை ஏற்றி இறக்கினார்கள். 1934 செப்டம்பர் மாநாட்டுக்குச் சுமார் 170 பேர் கொண்ட குழு. காமிராவுக்காக ரயில் பாதைகள், பள்ளங்கள். நடந்ததை அப்படியே எடுத்தேன் என்று ரீஃபென்ஸ்டால் 2003இல் 101 வயதில் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் புல்வெளியில் நின்று பார்த்தால் அது பொய் என்று தெரிகிறது. மனிதக் கண்ணுக்கு இங்கே அப்படி ஒரு காட்சி கிடையாது. தரையில் நின்றவனுக்கு முன்னால் நிற்பவனின் முதுகுதான் தெரிந்திருக்கும். அந்த ஒழுங்கு முழுக்கக் காமிராவுக்காகவே உண்டானது.

அங்கிருந்து ஏரியைச் சுற்றி செப்பெலின் மைதானம். கல் மேடை 1935க்கும் 1937க்கும் நடுவில் ஹிட்லரின் கட்டடக் கலைஞர் ஷ்பேர் கட்டியது, ஆக அந்தப் படத்தில் வருவது இதுவல்ல, மரத்தால் கட்டிய தற்காலிக மேடை. உச்சியில் இருந்த ஸ்வஸ்திகாவை 1945 ஏப்ரலில் அமெரிக்கர்கள் வெடி வைத்துத் தூக்கிய காட்சிப் படமும் இருக்கிறது. இன்று கல் பிளந்து புல் முளைத்திருக்கிறது, சில இடத்தில் விழும் என்று எச்சரிக்கைப் பலகை. ஒரு பையன் சுவரில் டென்னிஸ் பந்து அடித்துக்கொண்டிருந்தான், அவன் தங்கை பந்து பொறுக்கினாள். எங்களைப் பார்த்து "ஹலோ" என்றாள்.

நான் படியேறி, ஹிட்லர் நின்று பேசிய இடத்துக்குக் கொஞ்சம் கீழே நின்றேன். மேலே போக மனசு வரவில்லை. பையன் தரையில் உட்கார்ந்து ஃபோனில் ஒரு படம் எடுத்தான். பார்த்தான். திரும்பத் திரும்பப் பார்த்தான்.

"சித்தி, கீழேருந்து எடுத்தா நீங்க ரொம்பப் பெரிசாத் தெரியிறீங்க. பின்னாடி வானம் மட்டும்தான் இருக்கு."

வாங்கிப் பார்த்தேன். கம்பளிச் சால்வை காற்றில் பறக்க, யாரோ ஒரு தலைவி மாதிரி நான். நல்ல படம்.

"வேணாம், இருங்க" என்று சொல்லிவிட்டு அவன் படியேறி வந்தான். நான் நின்ற அதே படியில் வந்து நின்று, என் கண்ணுக்கு நேராகப் பிடித்து இன்னொன்று எடுத்தான். அதில் எனக்கு மூக்கு சிவந்திருக்கிறது, பின்னால் அந்தச் சின்னப் பெண் பந்தைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.